அடுப்பு இருந்தால் அது படுக்கை அறை இல்லை

1

போன வாரம் வேலையிடத்தில் சலீம் என் காதருகே வந்து கத்திக் கேட்டான். கத்தாமல் கேட்க முடியாது. தோலைப் போட்டுச் சுற்றும் பெரிய மர டிரம்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அண்ணே, அடுப்ப எங்க வெச்சா வீடு பாஸ் ஆவும்?"

"வீட்டுக்கு வெளிய," என்றேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நெசமாத்தாண்ணே கேக்குறேன். பேஜார் பண்ணாத."

சலீமுக்கு வாணியம்பாடி, எனக்கு ஆம்பூர். ஊரில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருப்போம். ஆனால் சந்தித்துக்கொண்டது இத்தாலியின் வடக்கே, இரண்டு மலைகளுக்கு நடுவில், ஊர் முழுக்கத் தோல் பதனிடும் ஒரு பள்ளத்தாக்கில். முதன்முதலாக இங்கே வந்து இறங்கியபோது, நீ எங்கேயும் போய்விடவில்லை என்று மூக்கு சொல்லிவிட்டது. அதே சுண்ணாம்பு, அதே ரசாயனம், அதே ஈரத்தோல். மாடு மட்டும் வேறு நாட்டு மாடு.

"இத்தாலில இருக்கான், அவனுக்கு இன்னா குறை" என்று ஆம்பூரில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். குறையைச் சொல்லி யாரிடமும் எதுவும் கேட்கப் போவதில்லை. சலீமின் கேள்விக்கு நின்ற இடத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த நாட்டில் மனைவியையோ பிள்ளையையோ வரவழைக்கச் சம்பளம் மட்டும் இருந்தால் போதாது. குடியிருக்கும் வீட்டில் வரப்போகிற ஆளுக்கும் இடம் இருக்கிறது என்று நகராட்சி சான்று தர வேண்டும். அதற்கு ஒருவர் வந்து வீட்டை அளப்பார். எப்படி அளப்பது என்பதற்கு ஒரு விதிப் புத்தகம் உண்டு. அதைத் திறந்தால் முதலில் விதி வராது, சொற்களும் அவற்றின் அர்த்தமும்தான் வரும். அறை என்றால் எது, உயரம் என்றால் எங்கிருந்து எங்கே, ஜன்னல் என்றால் எது, சமையலறை என்றால் எது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அங்கே எந்தப் பாடத்தையும் இத்தனை தடவை படித்ததில்லை.

2

அறை என்பதற்கு அந்தப் புத்தகம் சொல்லும் அர்த்தப்படி, நான் பிறந்து வளர்ந்த வீட்டில் அறையே கிடையாது.

ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கழிவுநீர் ஓடுகிற கால்வாய் ஓரத்தில் இருந்தோம். அப்பாவுக்கு டேனரியில், தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை. ரசாயனம் வரும் இரும்பு டிரம்கள் காலியானதும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அப்பா அதை வாங்கி வந்து, நீளவாக்கில் வெட்டி, பைபாஸ் ரோட்டில் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். லாரிகள் ஏறிப் போய்ப் போய் அது தட்டையாகும். எங்கள் வீட்டுச் சுவர் அதுதான். மண்டையோட்டுப் படமும் குறுக்கே எலும்பும் போட்ட பக்கம் எப்படியோ உள்புறமாக அமைந்துவிட்டது. ஒருக்களித்துப் படுத்தால் அதுதான் எனக்கு முகத்துக்கு நேராகத் தெரியும்.

கூரை முதலில் தென்னங்கீற்று. ஒழுகத் தொடங்கியதும், பிரித்துப் போட வழியில்லாமல், கீற்றின் மேலேயே டிரம் தகரத்தை அடித்தார் அப்பா. அந்த மழைக்காலம் முடிகிற சமயத்தில் குடிசைகளைக் கணக்கெடுக்க வந்தார்கள். குடிசையில் இருப்பவர்களுக்குக் கல் வீடு கட்டித் தரும் திட்டம். வந்தவர் வெளியே நின்றபடியே அண்ணாந்து பார்த்தார்.

"இது குடிசை இல்லம்மா. தகர வீடு. குடிசைன்னா ஓல, கீத்து, புல்லு. தகரம் அதுல வராது."

"தகரத்துக்குக் கீழ கீத்துதான் சாமி இருக்குது. உள்ள வந்து பாரு," என்றாள் அம்மா.

"மேல இன்னா இருக்குதோ அதாம்மா கூரை."

"அப்ப தகரத்தப் பிரிச்சிட்றோம். நாளிக்கு வா."

"நான் இன்னிக்குப் பாத்ததத்தான் எழுத முடியும்."

அடுத்த வீட்டுக்காரர்கள் அந்த மழை முழுக்க நனைந்தவர்கள். அவர்களுக்குக் கல் வீடு வந்தது. அப்பா அந்தத் தகரத்தைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை. அம்மா சாகிற வரைக்கும் பேசினாள். "ஒழுவட்டும்னு வுட்டிருந்தா வூடு வந்திருக்கும். இவரு போயி ஏணி வெச்சாரு."

3

ஓர் இடத்தில் நிற்கிற கால் எனக்கு வாய்க்கவில்லை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், அப்புறம் கான்பூர். கான்பூரில் டேனரிக்குள்ளேயே, உப்புப் போட்டு அடுக்கிய தோலுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்தோம். பிறகு சவுதியில் ஒரு கிடங்கு. அங்கே எங்களைப் போன்றவர்கள் வீடு என்ற சொல்லையே பயன்படுத்தமாட்டார்கள். "பெட் கெடச்சிதா?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு அடுக்குக் கட்டிலில் மேல் தட்டு. உட்கார்ந்தால் தலை இடிக்கும், அதனால் படுத்துக்கொண்டே சாப்பிடப் பழகினேன். அங்கிருந்து இத்தாலிக்குத் தக்காளி பறிக்க வந்தேன். கடைசியில் தோல் என்னைத் தேடிப் பிடித்துவிட்டது.

இந்த இடங்களில் எல்லாம் யாரும் அளக்க வந்ததில்லை. தனி ஆள் எங்கே படுத்தால் என்ன என்று விட்டுவிடுகிறார்கள். குடும்பம் என்று சொன்ன பிறகுதான் டேப்பை எடுக்கிறார்கள்.

இங்கே என் முதல் வீடு ஒரு பழைய கட்டடத்தின் உச்சியில், கூரைக்கு அடியில் இருந்தது. கூரை இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும். நடுவில் நிமிர்ந்து நிற்கலாம், சுவரோரம் போக வேண்டுமானால் குனிய வேண்டும். மனைவி ஸ்டெல்லாவை வரவழைக்க விண்ணப்பித்தபோதுதான் உயரம் என்ற சொல்லுக்கும் அர்த்தம் இருக்கிறது என்று தெரிந்தது. சரிந்த கூரையாக இருந்தால் உயர்ந்த இடத்தையும் தாழ்ந்த இடத்தையும் சேர்த்துச் சராசரி பார்ப்பார்கள். அது குறைந்தால் அந்த இடம் அறை இல்லை, சாமான் போடும் இடம். எங்கள் இரண்டு அறைகளில் ஒன்று அப்படிச் சாமான் போடும் இடம் ஆனது. இரண்டு பேர் தங்கலாம் என்று சான்று கொடுத்தார்கள்.

இரண்டு பேர் என்றால் நானும் ஸ்டெல்லாவும். எங்கள் ஒரே மகள் பிரிசில்லா அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ஆம்பூரில் ஸ்டெல்லாவின் தங்கை மேரி வீட்டில் அவளை விட்டோம். பெரிய வீடு பார்த்ததும் கூட்டிக்கொள்கிறோம் என்றோம். பிரிசில்லா அழவில்லை. "பெரிய வீடுன்னா எவ்ளோ பெருசு?" என்று மட்டும் கேட்டாள்.

ஸ்டெல்லா வந்த அன்றே உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டாள். நெற்றியைத் தேய்த்தபடி சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, கோழிக் கூண்டாட்டம். இதுக்கா ஊர்ல அத்தன பேரு பொறாமப்படறாங்க?"

4

எனக்குத் தெரிந்த இத்தாலி மொழி டேனரியில் பொறுக்கியது. உப்பு, தண்ணீர், சீக்கிரம், கையை எடு, நாளைக்கும் வா. ஒருமுறை உடம்பெல்லாம் அரித்தபோது மருத்துவரிடம் போய் என் தோலில் ஏதோ கோளாறு என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது பதனிட்ட தோலுக்கு உள்ள சொல். அவர் நான் போட்டிருந்த தோல் ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

இதைச் சொன்னபோது போனில் பிரிசில்லா மூச்சு முட்டச் சிரித்தாள். "யப்பா, நீ மாடு இல்லப்பா. மனுஷனுக்கு வேற வார்த்த."

அவள் மேரி வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, போனில் ஒரு செயலியை வைத்தே இந்த மொழியைப் படித்தாள். பன்னிரண்டாவது முடிப்பதற்குள் என்னைத் திருத்துகிற அளவுக்கு வந்துவிட்டாள். விதிப் புத்தகத்தின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஒவ்வொரு சொல்லாகப் படித்துத் தமிழில் சொல்வாள்.

"அறைன்னா ஜன்னல் இருக்கணுமாம். அதுவும் சும்மா ஜன்னல் இல்ல, தரைல எட்டுல ஒரு பங்கு இருக்கணுமாம். யப்பா, இந்த ஊர்ல ஜன்னலுக்கு இவ்ளோ மரியாதையா? நம்ம சித்தி வீட்ல ஜன்னலத் தொறந்தா பக்கத்து வீட்டு செவுரு."

"அத சித்திகிட்ட சொல்லாத," என்றாள் ஸ்டெல்லா.

"சித்தி பக்கத்துலதான் இருக்குது."

கடைசியாக ஒரு வீடு கிடைத்தது. இரண்டாவது மாடி. கூடத்தின் ஒரு மூலையில் சமையல் மேடை, ஒரு பெரிய அறை, மலையைப் பார்த்த ஜன்னலோடு ஒரு சின்ன அறை. வீட்டுக்காரரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் டேப்பைப் பிடிக்க, ஸ்டெல்லா போனைப் பிடிக்க, ஆம்பூரிலிருந்து பிரிசில்லா கணக்குப் போட்டாள். உயரம் சரி. ஜன்னல் சரி. சின்ன அறை அவளுடையது என்று அங்கேயே முடிவானது.

"கட்டில ஜன்னல் ஓரமா போடுப்பா. மல தெரியணும்."

"மலைல இன்னா இருக்குது? ஆலங்காயம் பக்கம் போனா அங்கயுந்தான் மல," என்றேன்.

"அது நான் பாத்த மல."

அந்த வருடம் அவளுக்கு வேலூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சேர்த்துவிடட்டுமா என்று மேரி கேட்டாள். வேண்டாம், ஆடி முடிவதற்குள் இங்கே வந்துவிடுவாள், இங்கேயே படிக்கட்டும் என்றோம். மூன்று பேரும் சேர்ந்துதான் சொன்னோம். ஆகஸ்ட் கடைசியில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்கு முன்னால் விண்ணப்பம் உள்ளே போய்விட வேண்டும், போய்விட்டால் பிறகு தாமதமானாலும் பரவாயில்லை. விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய வீட்டுச் சான்று மட்டும்தான் பாக்கி.

5

புது வீட்டுக்குப் போனால் பால் காய்ச்ச வேண்டும். நாங்கள் வேதக்காரர்கள். ஜெபம் பண்ண ஒரு பாஸ்டரைக் கூப்பிட்டிருந்தோம். ஆனால் எங்கள் பக்கத்தில் சர்ச்சுக்குப் போகிறவனுக்கும் கோயிலுக்குப் போகிறவனுக்கும் வீடு கட்டித் தருவது ஒரே மேஸ்திரிதான். அடுப்பு எந்த மூலையில் என்பதை அவர் சொல்வார், வீட்டுக்காரர் கேட்டுக்கொள்வார். மேரி வீட்டைக் கட்டியவர் ஏழுமலை மேஸ்திரி. ஸ்டெல்லா அவரை வீடியோவில் கூப்பிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டினாள்.

"செவுரு சூப்பரா பூசியிருக்கான்க்கா," என்றார் அவர். "சரி, சூரியன் எந்தப் பக்கம் வருது?"

"இங்க எங்க வருது? மல மறைக்குது."

"அப்ப போன்லயே தெச காட்டும், அதப் போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தாள். கூடத்து மூலையில் இருந்த சமையல் மேடை வடமேற்கில் இருந்தது. மேஸ்திரி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். பின்னால் யாரோ ஜல்லி கொட்டுகிற சத்தம் கேட்டது.

"அது வாயு மூலைக்கா. அங்க அடுப்பு எரிஞ்சா வூட்ல ஆளு தங்காது. ஒருத்தர் ஒரு பக்கம், ஒருத்தர் ஒரு பக்கம்னு ஆயிடும்."

"இப்பவே அப்பிடித்தான மேஸ்திரி இருக்கறோம்."

"அதாங்க்கா சொல்றேன். தென்கெழக்குல வெய்யி. புள்ள தானா வந்து சேரும்."

தென்கிழக்கு மூலை பிரிசில்லாவுக்கு வைத்திருந்த சின்ன அறையில் வந்தது. படுக்கிற அறையில் யாராவது அடுப்பு வைப்பார்களா என்று கேட்டேன்.

"ஆம்பூர்ல ஒரே ரூம்லதான சமச்சோம், அதுலதான படுத்தோம், அதுலதான புள்ளயும் பெத்தோம்," என்றாள் ஸ்டெல்லா. "இப்ப இன்னா புதுசா? அவ வர்ற வரைக்குந்தாங்க. வந்ததும் எடுத்துடலாம். அவ வரணும்னுதான வெக்கறேன்."

அவள் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. இரும்புக் கடையில் ஒரு சின்ன சிலிண்டரும் இரண்டு பர்னர் அடுப்பும் வாங்கி வந்தேன். ஜன்னலோரம் கட்டில், எதிர் மூலையில் அடுப்பு. பால் பொங்கி நான்கு பக்கமும் வழிந்தது. பாஸ்டர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, அறை நல்ல வெளிச்சமாக இருக்கிறது என்றார். அன்றிலிருந்து மேடைப் பக்கமே ஸ்டெல்லா போகவில்லை. காலை டீயிலிருந்து கருவாட்டுக் குழம்பு வரை எல்லாம் தென்கிழக்கில்தான்.

6

ஜூலை முடிகிற சமயத்தில் அளக்க வந்தார்கள். வந்தது நகராட்சியின் கட்டடப் பிரிவுப் பெண் அதிகாரி. ஐம்பது வயதிருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றலாமா என்று கேட்டார். ஸ்டெல்லாவுக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துவிட்டது.

"உக்காரச் சொல்லுங்க. டீ போடறேன்."

எங்கள் கவனமெல்லாம் உயரத்திலும் ஜன்னலிலும் இருந்தது. முதல் வீட்டில் அடிபட்ட இடம் அதுதானே. அவர் கையில் சிவப்புப் புள்ளி விழுகிற ஒரு சின்னக் கருவி. சுவரில் புள்ளி விழும், கருவியில் எண் வரும். கூடம் சரி. பெரிய அறை சரி. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். நானும் கூடவே ஆட்டிக்கொண்டு போனேன்.

சின்ன அறைக்குள் அவர் காலை வைத்த நேரம் பால் பொங்கியது. ஸ்டெல்லா அடுப்பை அணைத்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் அடுப்பைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார், பிறகு கட்டிலைப் பார்த்தார்.

"இங்கே யார் படுப்பார்கள்?"

"என் மகள்."

"இங்கே சமைக்கிறீர்களா?"

எனக்கு அந்தக் கேள்வி புரிந்தது. அது எங்கே போகிறது என்றும் புரிந்துவிட்டது. "டீ மட்டும்," என்றேன். மேலே கொடியில் மஞ்சள் கறை படிந்த துணி தொங்கிக்கொண்டிருந்தது. அறை முழுக்க முந்தின நாள் கருவாட்டு வாசனை.

அவர் கோபப்படவில்லை. கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, எனக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்து, விரலை ஓட்டினார். சமையலறை: உணவு சமைக்கும் அடுப்பு உள்ள இடம். படுக்கை அறை: சமைக்காத, கழுவாத இடம். அடுப்பு இருப்பதால் இது படுக்கை அறை இல்லை. சரி, சமையலறை என்று வைத்துக்கொள்ளலாமா என்றால் கேஸ் எரிகிற இடத்தில் சுவரில் காற்றுத் துளை இருக்க வேண்டும், இங்கே இல்லை. அதனால் சமையலறையும் இல்லை.

"அப்போது இது என்ன?" என்று கேட்டேன்.

அவர் ஒரு சொல்லைக் காட்டினார். முதல் வீட்டிலேயே எனக்குப் பழகிய சொல். சாமான் போடும் இடம்.

"இப்பவே எடுத்துடறேன்," என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு அவர் மொழியில் சொன்னேன். எழுந்துபோய் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தேன். "பாருங்கள், அடுப்பு இல்லை. இப்போது அது படுக்கை அறை."

"எனக்கு வருத்தமாக இருக்கிறது," என்றார். "நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். எடுத்துவிட்டு மறுபடி விண்ணப்பம் கொடுங்கள். மறுபடி வருவோம்."

இதே பதிலை எங்கள் தகர வீட்டு வாசலில் நின்று ஒருவர் சொன்னபோது நான் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் செருப்பைக் கழற்றவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்டெல்லாவுக்கு எதுவும் புரியவில்லை. டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஏலக்காய் போட்டிருந்தாள். அந்த அம்மா அதைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பிறகுதான் எழுதினார்.

7

இந்த நாட்டில் ஆகஸ்ட் மாதம் எதுவும் நடக்காது. டேனரியை மூடிவிடுவார்கள். ஆபீஸில் பாதிப் பேர் கடலுக்குப் போய்விடுவார்கள். மறுவிண்ணப்பத்தை மறுநாளே கொடுத்தேன். செப்டம்பரில் வருவோம் என்றார்கள். ஒவ்வொரு நாளும் கவுண்டரில் போய் நின்றேன். அங்கே இருந்த பையன் என் முகத்தைப் பார்த்ததுமே காலண்டரைக் காட்டத் தொடங்கிவிட்டான். சான்று இல்லாமல் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள், சான்றைப் பிறகு தருகிறேன் என்று இன்னொரு ஆபீஸில் கேட்டேன். அங்கே அப்படி ஒரு வழக்கம் இல்லை.

பிரிசில்லாவுக்குப் பதினெட்டு முடிந்தது. மேரி கேக் வாங்கியிருந்தாள். போனில் பார்த்தோம்.

செப்டம்பரில் ஓர் இளைஞர் வந்து புள்ளி அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். மூன்று பேர் தங்கத் தகுந்த வீடு என்று சான்று வந்தது. முத்திரை எல்லாம் அழகாகக் குத்தியிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு வெளிநாட்டவருக்கு உதவுகிற அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டுத் தாளை என் பக்கமே தள்ளினார்.

"இவள் இப்போது பெரியவள். பிள்ளை என்ற கணக்கில் வரமாட்டாள்."

"என் மகள் இல்லையா?"

"மகள்தான். யார் இல்லை என்றது? பிள்ளை என்றால் யார் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதில் இவள் இல்லை."

அன்று ராத்திரி பிரிசில்லாவிடம் எப்படிச் சொல்வது என்று நானும் ஸ்டெல்லாவும் மாறி மாறி யோசித்தோம். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"நாந்தாம்பா அந்த வரியப் படிச்சேன்," என்றாள். "சமையலறைன்னா அடுப்பு இருக்கற இடம்னு நாந்தான் உனக்குப் படிச்சிக் காட்டினேன். கூடத்துலதான் மேட இருக்குதே, இது நமக்கு வேணாம்னு தாண்டிப் போய்ட்டோம். அம்மாவத் திட்டாத."

"யாரும் திட்டல."

"மேஸ்திரியயும் திட்டாத. அவரு நம்ம தெருவுலதான் இருக்காரு, பாத்தா மொகம் குடுக்கணும்."

வேலூர்க் கல்லூரி இடம் எப்போதோ வேறு யாருக்கோ போயிருந்தது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். அடுத்த மாதம் மேரி சொல்லித்தான் தெரிந்தது, ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள் என்று. விடிவதற்குள் தெருமுனையில் வந்து நிற்கிற பஸ். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அதில்தான் போகிறார்கள்.

நான் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் கத்தவில்லை.

"அங்க நீ தோலு, இங்க நான் ஷூ. ஒரே மாடுதாம்பா நம்ம ரெண்டு பேருக்கும்," என்றாள். "வெக்கிறேன், பஸ் வந்துடுச்சி."

இந்த ஒரு வருடத்தில் அவள் பேச்சு குறைந்துவிட்டது. இத்தாலி மொழியைப் படிக்கிறாயா என்று ஒருநாள் கேட்டேன். அந்தச் செயலியை அழித்துவிட்டாளாம், போனில் இடம் இல்லையாம். நானாக ஏதாவது தப்பும் தவறுமாக அந்த மொழியில் பேசிக் காட்டினால் முன்பெல்லாம் சிரித்துவிட்டுத் திருத்துவாள். இப்போது "சரிப்பா" என்கிறாள்.

8

சலீமின் மனைவியும் நான்கு வயது மகளும் ஊரில் இருக்கிறார்கள். அவன் வீட்டை அளக்க அடுத்த வாரம் வருகிறார்கள். அவன் கேட்டதற்கு மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், டிரம் நின்றிருந்தபோது, பொறுமையாகச் சொன்னேன்.

"அடுப்பு மேடைலயே இருக்கட்டும். வேற எங்கயும் வெக்காத. யாரு சொன்னாலும் வெக்காத."

"யாருண்ணே சொல்லப் போறாங்க எனக்கு?"

"உங்க வூட்டுக்கும் ஒரு மேஸ்திரி இருப்பான்."

அவன் டிபன் பாக்ஸை மூடினான். ஏதோ கேட்க வந்து கேட்காமல் இருக்கிறான் என்று தெரிந்தது. கடைசியில் கேட்டுவிட்டான். அவன் குழந்தைக்கு வைத்திருக்கும் அறையில் ஒன்றும் இல்லையாம். காலி அறையாக இருந்தால் அளக்க வருகிறவர்கள் ஆயிரம் கேள்வி கேட்கிறார்களாம். எங்கள் வீட்டில் ஒரு கட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டானாம்.

"அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். ஸ்டெல்லாவிடம் நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அவள் சின்ன அறைக்குள் போய், யாரும் ஒருநாளும் படுக்காத அந்தக் கட்டிலிலிருந்து விரிப்பை உருவி மடித்தாள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத கம்பளி ஒன்று தலைமாட்டில் இருந்தது. அதையும் எடுத்துச் சலீமிடம் கொடுத்தாள்.

"இது வேணாம்க்கா. கட்டில் போதும்."

"வெச்சிக்க தம்பி. கொழந்த வர்ற நேரம் குளிர் ஜாஸ்தியா இருக்கும்."

நானும் அவனும் கட்டிலைப் பிரித்து மாடிப்படியில் இறக்கினோம். படி திரும்புகிற இடத்தில் சட்டம் சுவரில் மோதிக் கொஞ்சம் சுண்ணாம்பு பெயர்ந்தது. அவன் வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டு மேலே வந்தபோது ஸ்டெல்லா அந்த அறையைப் பெருக்கி முடித்திருந்தாள். கட்டில் இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. ஜன்னலில் மலை.

"ஏங்க, கீழ கெடங்குல வெச்சிருக்கற அடுப்ப எடுத்துட்டு வாங்க," என்றாள்.

"எதுக்கு?"

"ஒரு வருஷமா வடமேக்குல நின்னு சமைக்கறேன். போதும்."

சலீம் என்னைப் பார்த்தான். "அக்கா, மறுபடி யாராவது பாக்க வந்தா?"

"எங்க வூட்ட இனிமே யாரு தம்பி அளக்க வரப் போறாங்க?"

போய் எடுத்து வந்தேன். சிலிண்டரில் மிச்சம் இருந்தது. தென்கிழக்கு மூலையில், சுவரில் பழைய எண்ணெய்க் கறை இருந்த அதே இடத்தில் வைத்தேன். ஸ்டெல்லா பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். ஏலக்காயைத் தட்டிப் போட்டாள். மூன்று பேரும் ஆளுக்கொரு டம்ளரை வாங்கி நின்றபடியே குடித்தோம். அந்த அறையில் உட்கார எதுவும் இல்லை.